சின்னச் சமையலறையை விசாலமாக்குவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் 7 அடிக்கு 8 அடி உள்ள ஒரு சமையலறையை மனதில் வைத்து எழுதியவை. உங்கள் அறை அரை அடி, ஒரு அடி கூடக் குறைய இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. டேப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் உடனே பயன்படும்.

எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்கிறோம். அறை நிஜமாகவே போதாதா, அடைத்து வைத்திருப்பதால் அப்படித் தெரிகிறதா?

பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பதால்தான். 7க்கு 8 என்றால் 56 சதுர அடி, அதாவது 5.2 சதுர மீட்டர். சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டரும் 1.8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்த அளவு உங்களுக்கு இருக்கிறது.

இப்போது தரையைக் கணக்குப் பாருங்கள். இரண்டு சுவரை ஒட்டி எல் வடிவில் 2 அடி மேடை போட்டால் 26 சதுர அடி போய்விடும், மீதி 30. உள்பக்கம் திறக்கும் இரண்டரை அடிக் கதவு திரும்புவதற்கு 5 சதுர அடி வேண்டும். ஃபிரிட்ஜ், அதன் பின்னாலும் பக்கத்திலும் விடும் இடைவெளியோடு 5. இரண்டு மூட்டை 4. தண்ணீர் டிரம்முக்கு 2, ஸ்பேர் சிலிண்டருக்கு ஒன்றரை. இவ்வளவும் போக, நிற்கவும் திரும்பவும் குனியவும் உங்களுக்கு மிஞ்சுவது 12, 13 சதுர அடிதான். இதில் சுவருக்கு எந்த நிறம் அடித்தாலும் அறை பெரிதாகாது.

ஆகவே வேலை நடக்க வேண்டிய வரிசை இது: முதலில் தரை, அடுத்தது மேடை, அதற்கு அடுத்தது தலை உயரத்தில் உள்ள சாமான்கள், பிறகு வெளிச்சம். நிறம் கடைசி. பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தைச் செலவழித்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வருஷத்துக்கு வாங்கிப் போடும் புளி, ராகி, அரிசி எல்லாம் சமையலறையில்தான் இருக்கிறது. வேறு எங்கே வைப்பது?

நம் பக்கத்துச் சமையலறையை நெருக்குவதில் முதல் இடம் இதற்குத்தான். அறுவடை முடிந்ததும் புளி வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்து வைப்பது இங்கே வழக்கம். ராகியும் மூட்டைக் கணக்கில்தான் வரும். வழக்கத்தை விட வேண்டாம். சமையலறைக்குள் ஒரு மாதச் சாமான் மட்டும், மீதி எல்லாம் வெளியே என்று பிரித்துக்கொண்டால் போதும்.

25 கிலோ அரிசிக்கு எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? சுமார் 31 லிட்டர். ஒரு அடிக்கு ஒரு அடி, 13 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி இருந்தால் முழு மூட்டையும் அடங்கிவிடும். மூட்டையாகக் கிடந்தால் இரண்டு சதுர அடி தரையைப் பிடிக்கும், அதன் மேல் முறமும் துணியும் வேறு ஏறும். மேடைக்குக் கீழே சக்கரம் வைத்த 40 லிட்டர் மூடி டிரம் ஒன்று அரிசிக்கு, ஒன்று ராகிக்கு என்று வைத்துவிட்டால் தரை மொத்தமும் விடுதலை. டிரம்மின் உயரத்தை வாங்கும் முன்னே அளந்துகொள்ளுங்கள். மேடையின் அடிப்பக்கத்துக்கும் டிரம் மூடிக்கும் நடுவில் 2 அங்குலமாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் டிரம்மை முழுக்க இழுத்துத்தான் மூடியைத் திறக்க முடியும். இரண்டு வாரத்தில் அது மறுபடி வெளியே நிற்க ஆரம்பித்துவிடும்.

மீதி மூட்டைகளுக்கு மாடிப்படி அடி நல்ல இடம். படியின் உயரம் குறைகிற மூலை வரை தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்திக் கடப்பா கல் போட்டு, அதன் மேல் அடுக்கலாம். மண்தரையும் சிமென்ட் தரையும் ஈரம் இழுக்கும் என்பதால் மூட்டையை நேராகத் தரையில் வைக்க வேண்டாம். புளியை ஜாடி, மண்பானை, உணவுக்கான பிளாஸ்டிக் டப்பா இவற்றில் வையுங்கள். அலுமினியமும் சாதாரண இரும்பும் ஆகவே ஆகாது. புளிப்பும் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். எவர்சில்வர்கூட மாதக்கணக்கில் இருந்தால் புள்ளி புள்ளியாகப் பொத்தல் விழ வாய்ப்புண்டு.

மேடை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வைக்கலாம்? களி கிண்டச் சிரமமாக இருக்கிறதே.

அகலம் 24 அங்குலம். இடம் ரொம்பக் குறைவு என்றால் சிங்க்கும் அடுப்பும் இல்லாத பக்கத்தில் மட்டும் 18 அங்குலமாகக் குறைக்கலாம். நடக்கும் வழியில் அரை அடி கூடுதலாகக் கிடைக்கும். அந்த அரை அடிதான் இடிபடாமல் தாண்டிப் போக விடும். மேடைகளுக்கு நடுவே வழி 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடு என்றால் 42.

உயரத்துக்கு யார் அதிகம் சமைக்கிறார்களோ அவரை நிற்கவைத்து அளக்க வேண்டும். முழங்கையை மடக்கிப் பிடிக்கச் சொல்லி, அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை வந்தால் சரி. பலருக்கு இது 32 முதல் 34 அங்குலத்தில் வரும்.

களிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 33 அங்குல மேடை, அதன் மேல் 5 அங்குல அடுப்பு, அதற்கு மேல் 8 அங்குலப் பாத்திரம் என்று சேர்த்தால் பாத்திரத்தின் வாய் 46 அங்குலத்தில் நிற்கும். துடுப்பை மேலிருந்து அழுத்திக் கிண்ட வேண்டிய வேலையைத் தோள் உயரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு செய்கிறீர்கள். தோள் வலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு வழி உண்டு. மேடையின் ஓரத்தில் 2 அடி நீளத்தை மட்டும் 24 அங்குல உயரத்துக்கு இறக்கிக் கட்டி, அங்கே ஒற்றை பர்னர் அடுப்பு வைக்கலாம். அதை விடச் சுலபமானது, மாவு வெந்ததும் பாத்திரத்தைத் தரைக்கு இறக்கிக் கிண்டும் பழைய முறை. அதற்கு 3 அடிக்கு 3 அடி தரை காலியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன மூட்டைக் கணக்கின் முக்கியத்துவம் இங்கேதான் தெரியும். அந்த 9 சதுர அடி காலியாக இருக்கும் சமையலறை களி கிண்டாத நேரத்திலும் பெரிதாகத் தெரியும்.

சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் 2 அடியாவது வெறும் மேடை விடுங்கள். காய் நறுக்குவது, மாவு பிசைவது, இறக்கிய பாத்திரம் வைப்பது எல்லாம் அந்த 2 அடியில்தான் நடக்கும். அதை மிக்ஸிக்குக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நீள மேடையும் போதாமல் போகும்.

கறுப்பு கிரானைட்தான் போட வேண்டும் என்கிறார்கள். அறை இருட்டாகிவிடாதா?

கொஞ்சம் இருட்டாகத்தான் செய்யும். மேடை மட்டும் 26 சதுர அடி, அதாவது தரைப்பரப்பில் கிட்டத்தட்டப் பாதி. அது முழுக்கக் கறுப்பாக இருந்தால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்குதான் திரும்பி வரும். வெளிறிய கல் என்றால் பாதிக்குப் பாதி திருப்பி அனுப்பும்.

கறுப்புக் கல்லுக்கு இன்னொரு தொந்தரவும் நம் ஊரில் உண்டு. போர் தண்ணீர் கடினம் என்பதால் சிங்க்கைச் சுற்றித் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் படியும். அது சுண்ணாம்பு உப்பு. கறுப்பில் பளிச்சென்று தெரியும், சாம்பல் வெள்ளையில் புள்ளியோடு புள்ளியாக மறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கரையும். ஆனால் வாரா வாரம் தேய்த்தால் பாலிஷும் மங்கும். இரவில் சிங்க் ஓரத்தை உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பதே சரியான வைத்தியம்.

கிரானைட் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு கறுப்பு ஒன்றுதான் கல் என்று நினைக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ வெளிநாடு வரை பெயர் வாங்கிய கல், ஆனால் ஊதா கலந்த அடர் நிறம், அலையலையாக ஓடும். சின்ன அறைக்கு அது கனம். சாம்பல் கலந்த வெள்ளையில் சின்னப் பொடிப்புள்ளி உள்ள கல்லைக் கேளுங்கள். கல் கடையில் அரையடித் துண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், முழுப் பலகையை வெயிலில் நிறுத்தச் சொல்லித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாகவே நிற்கும்.

ஏற்கெனவே கறுப்பு போட்டாகிவிட்டது என்றால் பெயர்க்க வேண்டாம். நல்ல கல், உழைக்கும். மேடைக்கு மேலே சுவர் டைல்ஸையும் கீழே கேபினட் முகப்பையும் வெளிறிய நிறமாக்குங்கள், போதும்.

சிங்க், அடுப்புக்கு வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. முன்பக்கம் மிஞ்சும் பட்டை 3 அங்குலத்துக்குக் குறைந்தால் தூக்கி வைக்கும்போதே முறியும். வெட்டின் மூலைகள் கூர்மையான சதுரமாக இருந்தாலும் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். மூலையில் முதலில் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை நேராக வெட்டச் சொல்லுங்கள். 20 மி.மீ. கல் சதுர அடிக்கு 5 கிலோ வரும். 26 சதுர அடிக்கு 130 கிலோ. அதைத் தாங்கக் கீழே 2 அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும்.

மூன்று பக்கமும் லாஃப்ட் (பரண்) போட்டிருக்கிறார்கள். அறை கிணறு மாதிரி இருக்கிறது.

7 அடி உயரத்தில், 2 அடி அகலத்தில் மூன்று பக்கமும் சிலாப் வந்தால் நடுவில் மேல்தளம் தெரிவது 3 அடி அகலத்துக்குத்தான். கிணறு என்று நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. புதிதாகக் கட்டுபவர்கள் ஒரே ஒரு சுவரில், அதுவும் உள்ளே நுழையும்போது முதுகுக்குப் பின்னால் வரும் கதவுச் சுவரில், 18 அங்குல அகலத்துக்கு மேல் போகாமல் போடுங்கள். ஜன்னல் சுவரில் லாஃப்ட் கூடவே கூடாது.

கட்டி முடித்த லாஃப்ட்டை உடைக்க மேஸ்திரி உடனே ஒத்துக்கொண்டாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். அந்த சிலாப்பின் கம்பி, ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரமான லிண்டலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். சுத்தியலால் அடித்து இறக்கினால் ஜன்னலுக்கு மேலே விரிசல் விடும். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு, கட்டிங் மிஷினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

உடைக்காமலே பாதிக் குறையைத் தீர்க்கலாம். லாஃப்ட்டின் அடிப்பாகத்துக்கு மேல்தளத்தில் உள்ள அதே வெள்ளையை அடியுங்கள். முன்பக்கத்தில் துணித் திரை தொங்கினால் கழற்றிவிட்டு, சுவரின் நிறத்திலேயே கைப்பிடி இல்லாத கதவு போடுங்கள். அடியில் எல்.இ.டி. பட்டை ஓட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு இறக்கும் பெரிய பாத்திரங்கள் மட்டும் மேலே இருக்கட்டும். பழைய மிக்ஸி அட்டைப் பெட்டியும் உடைந்த குக்கரும் அங்கே வேண்டாம்.

பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. எத்தனை வாட்ஸ் பல்பு போடலாம்?

வாட்ஸை விட பல்பு இருக்கும் இடம்தான் முக்கியம். பல வீடுகளில் டியூப்லைட் நமக்குப் பின்பக்கச் சுவரில் இருக்கும். மேடையைப் பார்த்து நின்றவுடன் நம் தலையின் நிழல் காய் நறுக்கும் பலகை மேலே விழும். 40 வாட்ஸ் போட்டாலும் அந்த நிழல் போகாது. இன்னும் அழுத்தமாகத்தான் விழும்.

மேல்தளத்தில், மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே ஒரு 4 அடி, 20 வாட்ஸ் எல்.இ.டி. பேட்டன். அது ஏறக்குறைய 2000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும், 56 சதுர அடிக்கு அடிப்படை வெளிச்சமாகப் போதும். அதோடு மேல் கேபினட்டின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு எல்.இ.டி. பட்டை. சுவரை ஒட்டி வைத்தால் டைல்ஸ் மட்டும் மின்னும், பலகை இருட்டாகவே இருக்கும். இரண்டுமே 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) ஆக இருக்கட்டும். 6500 நீலம் அடித்து சாம்பாரையே வெளிறக் காட்டும், 3000 வெள்ளைச் சுவரை மஞ்சளாக்கும். பட்டையை அலுமினியச் சேனலுக்குள், மூடி போட்டுப் பொருத்துங்கள். சும்மா ஒட்டினால் எண்ணெய்ப் பிசுக்கில் ஆறே மாதத்தில் உரிந்து தொங்கும்.

ஜன்னல் குறைந்தது 1 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கும் ஜன்னலைப் பாத்திரக்கூடையும் ஃபிரிட்ஜும் மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜன்னல் திண்டில் அடுக்கிய டப்பாக்களை எடுத்துவிட்டாலே பல அறைகளில் பகல் லைட் தேவைப்படாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் தாளிப்பு நெடி ஹால் வரை வருகிறதே?

ஃபேன் திறந்த ஜன்னலுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். அது ஜன்னல் வழியாக வரும் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, அடுப்புப் புகை அதன் பக்கமே போவதில்லை. ஃபேன் அடுப்புக்கு அருகே, மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். காற்று எதிர்ப்பக்கக் கதவு வழியாக உள்ளே வர வேண்டும். ஃபேன் ஓடும்போது ஒட்டிய ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

உங்கள் அறை 10 அடி உயரம் என்றால் 16 கன மீட்டர் காற்று. மணிக்கு 20 முறை மாற 320 கன மீட்டர் தள்ள வேண்டும். ஃபேன் பெட்டியில் அந்த எண் இருக்கும், பார்த்து வாங்குங்கள். 9 அங்குல ஃபேன் தாராளமாகப் போதும். சிம்னி இரண்டடிச் சுவரைத் தலை உயரத்தில் பிடித்துக்கொள்ளும். வெளியே குழாய் போகாத சிம்னி சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றாது. 7க்கு 8 அறையில் ஃபேனே மேல் என்பது எங்கள் முடிவு. ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் ஜன்னலைச் சாத்திவைப்பவர்களுக்கு ஃபேன் இன்னும் அவசியம். பிசுக்கு படிந்த சுவர் மங்கும், மங்கிய சுவர் அறையைச் சுருக்கிக் காட்டும்.

கதவை எடுத்துவிடலாமா?

எடுத்தால் 5 சதுர அடி கிடைக்கும். கதவு வேண்டும் என்றால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், அல்லது ஹால் சுவரில் ஓடும் ஸ்லைடிங் கதவு போடுங்கள். ஸ்லைடிங்குக்குக் கீழ்த் தண்டவாளம் வேண்டாம், அழுக்கு அடைத்துச் சிக்கும். மேலிருந்து தொங்கும் வகையே நல்லது. கதவு நகர்ந்து ஒதுங்க அதன் அகலத்துக்குச் சுவர் காலியாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் போர்டு அங்கே இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

ஹாலுக்கு நடுவே உள்ள சுவரை உடைத்துத் திறந்த சமையலறை ஆக்கலாமா?

சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர், அதன் மேல் பீமோ தளமோ உட்காரவில்லை என்றால் எடுக்க வாய்ப்பு உண்டு. 9 அங்குலச் சுவர், சைஸ் கல் சுவர், கற்பலகை பரப்பிய பழைய கூரை உள்ள வீடு இவற்றில் அந்தச் சுவர் கூரையையே தாங்கிக்கொண்டிருக்கும். கற்பலகைக் கூரையில் ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவரை எடுத்தால் அந்தப் பலகை நேரே கீழே வரும். இதில் துணிச்சலுக்கு இடமே இல்லை.

முழுச் சுவரையும் எடுக்காமல் மேடை உயரத்திலிருந்து 3 அடிக்கு 3 அடி திறப்பு விட்டாலே சமையலறைக்குள் நிற்பவருக்குப் பார்வை ஹாலின் கடைசிச் சுவர் வரை ஓடும். அந்த நீளப் பார்வைதான் விசாலம் என்ற உணர்வைத் தருகிறது. பொறியாளரிடம் காட்டி, மேலே முட்டு கொடுத்து, முதலில் லிண்டல் பொருத்தி, அது இறுகிய பிறகே கீழே செங்கலை எடுக்க வேண்டும். லிண்டல் இரண்டு பக்கமும் சுவருக்குள் 6 அங்குலமாவது உட்கார வேண்டும். திறப்பின் கீழ்விளிம்பில் மேடைக் கல்லையே ஒரு அடி ஹால் பக்கம் நீட்டினால் பிள்ளைகள் டிபன் சாப்பிட இடமும் ஆயிற்று.

கேபினட்டுக்குக் கதவா, டிராயரா? எந்தப் பலகை?

மேடைக்குக் கீழே டிராயர். கதவு போட்டால் பின்னால் இருக்கும் டப்பாவுக்காகத் தரையில் மண்டியிட வேண்டும். அதனால்தான் எல்லாச் சாமானும் மேடைக்கு மேலே ஏறிவிடுகிறது. 20 அங்குல டெலஸ்கோபிக் சேனல் (ஒன்றுக்குள் ஒன்று நீளும் இரும்புத் தண்டவாளம்) போட்ட டிராயர் முழுதாக வெளியே வந்து, கடைசி டப்பாவையும் கண்ணுக்குக் காட்டும். தரையை ஒட்டி 4 அங்குல உயரம், 3 அங்குல ஆழத்துக்குக் கால் நுழையும் பள்ளம் விடுங்கள். மேடையோடு நெருங்கி நிற்க முடியும், தரையும் கூடுதலாகத் தெரியும். அந்த இடத்தை ஆணி அடித்து நிரந்தரமாக மூட வேண்டாம். கரப்பான் குடியேறினால் சுத்தம் செய்ய வழி இருக்காது. கழற்றிப் போடும் பட்டை வைக்கச் சொல்லுங்கள்.

மேல் கேபினட் 12 அங்குல ஆழம், மேடையிலிருந்து 20 அங்குலமாவது மேலே. எல்லாச் சுவரிலும் போட்டுவிடாதீர்கள். கண் மட்டத்தில் ஒரு சுவராவது வெறுமையாக இருக்கட்டும். தினம் எடுக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் உப்புக்கும் 5 அங்குல ஆழத்தில் ஒற்றைப் பலகை போதும்.

எல் மூலையில் 2 அடிக்கு 2 அடி இருட்டு இடம் வரும். சுழலும் தட்டு விலை அதிகம். பெரிய அண்டா, இட்லிப் பானை போன்றவற்றை அங்கே தள்ளிவிட்டு, அடிக்கடி எடுப்பதை வெளியே வையுங்கள்.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) உள்ள 18 மி.மீ. பிளைவுட். 303 முத்திரையில் எம்.ஆர். வகை என்று இருப்பது தண்ணீர் பட்டால் தாங்காது, சிங்க் அடியில் ஊதிவிடும். சிங்க் அடியில் மட்டுமாவது அலுமினியமோ பி.வி.சி.யோ போடலாம். ஆசாரி வெட்டிய விளிம்புகளை எல்லாம், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் உட்பட, பட்டை ஒட்டி மூடினாரா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீரும் கரையானும் நுழைவது அந்த மூடாத விளிம்பில்தான்.

சிலிண்டரைக் கேபினட்டுக்குள் மறைக்கலாமா?

முழுக்க அடைத்த பெட்டிக்குள் கூடாது. சமையல் வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் கதவில் தரையை ஒட்டியும் மேலேயும் காற்றுத் துளைகள் வேண்டும், அதன் அருகில் எந்த ஸ்விட்ச்சும் இருக்கக் கூடாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதற்கு மேல் மட்டத்தில் இருக்க வேண்டும். குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். அதன் மேல் அச்சிட்டிருக்கும் தேதி தாண்டினால் மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டரைக் கை நீட்டியவுடன் மூட முடிய வேண்டும். அதை மறைக்கும் எந்த அழகும் தேவையில்லை. ஸ்பேர் சிலிண்டரைச் சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தண்ணீர்க் குடம், கேன், ஆர்.ஓ. மூன்றும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

நம் இரு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆகவே குடிக்கும் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது மேடையில் இருக்க வேண்டியதில்லை. சமையலறை வாசலுக்கு வெளியே, ஹால் சுவரில் 10 அங்குல ஆழத்துக்கு, 2 அடி உயரத்தில் ஒரு கல் திண்டு போட்டு அங்கே குடத்தை வைத்தால், தண்ணீர் குடிக்க வருபவர்கள் சமைப்பவரைத் தாண்டி வர வேண்டாம். அடுப்படியில் கூட்டம் பாதி குறையும். ஆர்.ஓ. இயந்திரத்தைச் சிங்க்குக்கு மேலே, கழிவு நீர்க் குழாய் சிங்க்குக்கே போகும்படி மாட்டலாம்.

வாஸ்துப்படி அக்னி மூலை, கிழக்கு பார்த்த அடுப்பு. அதோடு இதெல்லாம் ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவரும். கிழக்குச் சுவரில் அடுப்பு, வடக்குச் சுவரில் சிங்க் என்று எல் வடிவம் தானாக அமையும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பு நேராக ஜன்னலுக்குக் கீழே வந்தால் காற்று தீயை அணைக்கும். ஜன்னலுக்கு ஒரு அடி தள்ளி அடுப்பை வைத்து, ஜன்னலுக்குக் கீழே காய் நறுக்கும் இடத்தை விடுங்கள். காலை வெயில் நேராகப் பலகை மேல் விழும்.

டைல்ஸ், நிறம்?

ஹாலில் உள்ள அதே தரை டைல்ஸை, வாசலில் வேறு நிறக் கல் பட்டை போடாமல், உள்ளே வரை ஓட்டுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, மேட் வகை. பளபளப்பு எண்ணெய் பட்டால் வழுக்கும். டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட் டைல்ஸின் நிறத்திலேயே இருக்கட்டும், வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பு கிரவுட் போட்டால் சுவர் கட்டம் கட்டமாகத் துண்டாகிவிடும். அடுப்புக்குப் பின்னால் எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட் போட்டால் மஞ்சள் ஏறாது. பூ, பழம், காபி கோப்பை படம் போட்ட டைல்ஸ் வேண்டவே வேண்டாம். கீழ் கேபினட் சற்று அடர்த்தி, மேலே போகப் போக வெளிறல், மேல்தளம் சுத்த வெள்ளை. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டுவது சமையலறைக்கு ஆகாது, இரண்டு நாளில் பிசுக்கு ஏறும்.

ஓசூரில் வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட ஓனர் விடமாட்டார். என்ன செய்யலாம்?

ஃபிரிட்ஜை ஹாலுக்கு மாற்றுங்கள். கதவைக் கீலோடு கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் பத்திரமாகச் சாய்த்து வைக்கலாமா என்று ஓனரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காலி செய்யும்போது அதே ஸ்க்ரூவில் மாட்டிக் கொடுத்துவிடலாம். மேடைக்குக் கீழே திறந்தே கிடந்தால், ஆணி இல்லாமல் இரு பக்கமும் இறுகி நிற்கும் டென்ஷன் ராடில் சுவரின் நிறத்துத் துணி, பூப்போட்டது வேண்டாம். மேடை மேல் இருப்பதை எல்லாம் ஒரு நாள் கீழே இறக்குங்கள். ஒரு வாரம் சமைத்துப் பார்த்து, கை தேடிப் போனதை மட்டும் திரும்ப ஏற்றுங்கள். சக்கரத்தில் பூட்டு உள்ள 12 அங்குல அகல டிராலி ஒன்றில் மிக்ஸியையும் கிரைண்டரையும் வைத்து, அரைக்கும்போது மட்டும் பிளக் அருகே இழுத்துக்கொள்ளலாம். கிரைண்டர் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், மேல்தட்டில் வைத்தால் டிராலியே கவிழும்.

மேஸ்திரி வருவதற்கு முன் நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரு சாக்பீஸ். மேடை, ஃபிரிட்ஜ், டிராயர் முழுதாகத் திறந்த நிலை, கதவு திரும்பும் வளைவு எல்லாவற்றையும் காலியான தரையில் நிஜ அளவில் வரையுங்கள். பிறகு இரண்டு பேர் உள்ளே நின்று, ஒருவர் அடுப்பிலிருந்து குக்கர் இறக்குவது போலவும் மற்றவர் சிங்க்குக்குப் போவது போலவும் நடந்து பாருங்கள். எந்தக் கோட்டை மிதிக்கிறீர்களோ அங்கே மூன்று அங்குலமோ ஆறு அங்குலமோ குறைக்க வேண்டும். அந்த அளவைத் தாளில் எழுதி மேஸ்திரியிடமும் ஆசாரியிடமும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள், ஒரு பிரதி சமையலறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கட்டும்.